குன்னூர் எலியின் குலமுறை

சின்னசேலத்தைச் சுற்றியுள்ள வயல்களில் வரப்பு வெட்டுவோர் சுண்டெலியை அடிக்கடி காண்பர். விரல் நீளமே உள்ள சிறு உடல். வீட்டில் தானியம் கொறிக்கும் சுண்டெலிக்கு இது நெருங்கிய உறவு. அருகே கல்வராயன் மலை நிற்கிறது. அத்தகைய மலைக்காட்டு எலி ஒன்றைக் காட்டி, 'இது யாருக்கு உறவு?' என்று கேட்டால் எப்படி விடை சொல்வது? உருவத்தைப் பார்த்துச் சொல்வதே நெடுங்கால வழக்கம். அது பிழைபடக்கூடும் என்பதற்கு நம் நீலகிரியிலேயே சான்று உண்டு.

குன்னூரில் கிடைத்த மலை எலி ஒன்றுக்கு 1898இல் போன்ஹோட் என்ற விலங்கியலார் 'மஸ் ஃபாமுலஸ்' எனப் பெயரிட்டார். வயல் சுண்டெலியைவிட இது பெரியது. பிற்கால அறிஞர்கள் இதனை இலங்கைக் காடுகளில் வாழும் 'மஸ் மேயோரி' முதலிய மலை எலிகளின் கூட்டத்தில் சேர்த்தனர். மலை எலிக்கு மலை எலியே உறவு என்பது பொருத்தமாகத்தான் தோன்றியது!

டி.என்.ஏ. வேறு கதை சொல்லிற்று. டி.என்.ஏ. என்பது இரண்டு இழைகள் எழுத்துக்கு எழுத்து கோத்துக்கொண்ட ஒரு ஜிப் எனலாம். சூடேற்றினால் இழைகள் பிரியும். ஆறவிட்டால் மீண்டும் சேரும். இரண்டு இனங்களின் தனி இழைகளைக் கலந்து ஆறவிட்டால் கலப்பு ஜோடிகள் உண்டாகின்றன. எழுத்து பொருந்தாத இடங்களில், பல் உடைந்த ஜிப்பைப் போல, பிடிப்பு இராது. எனவே அவை குறைந்த சூட்டிலேயே அவிழ்ந்துவிடும். எழுத்து வேறுபாடு 1 சதவீதம் கூடினால் அவிழும் வெப்பநிலை ஏறத்தாழ 1 டிகிரி சென்டிகிரேட் குறைகிறது. உறவின் தூரத்தை வெப்பமானி கொண்டு அளக்கும் வித்தை இது!

ஷெவ்ரே, ஜென்கின்ஸ், காட்செஃப்லி ஆகிய மூவர் குன்னூர் எலியை இம்முறையில் சோதித்தனர். ஒரு முறையை மட்டும் நம்பி அவர்கள் நின்றுவிடவில்லை. தாய்வழியே வரும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு மரபணுவின் எழுத்துகளையும் வரிசையாகப் படித்தனர். உருவ அமைப்பையும் மறுபடி ஆராய்ந்தனர். 2003இல் முடிவு வெளியாயிற்று. இலங்கை மலை எலிகளின் கூட்டத்தில் குன்னூர் எலிக்கு இடமில்லை. நம் வீட்டுச் சுண்டெலியும் வயல் சுண்டெலியும் அடங்கிய கூட்டமே அதன் சொந்தக் கூட்டம்!

தூர உறவினர் ஒத்த சூழலில் ஒத்த உருவம் பெறுவது புதிதன்று. சுறாவையும் ஓங்கிலையும் நினைத்துக்கொள்ளுங்கள். குன்னூர் எலியோ மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே உள்ளது. அதன் காடுகள் சுருங்கி வருகின்றன. சமவெளிச் சுண்டெலிகளின் வரலாற்றில் ஒரு பக்கம் அந்தக் காட்டில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. இந்திய வயல்களில் 'மஸ் பூடுகா', 'மஸ் டெர்ரிகலர்' என இரண்டு சுண்டெலிகள் உள்ளன. இனம் வேறு, உருவமோ ஏறத்தாழ ஒன்றே. வரப்பில் ஓடுவது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது நிபுணருக்கும் கடினம்.