இஷாவுக்குப் பிறகு ஒரு கரையோர உலா

அறுகம்பையில் அலைச்சறுக்குக் காலம் ஏப்ரலில் தொடங்கி ஒக்ரோபர் வரை நீளும். அந்த மாதங்களில் மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் நோக்கி இறங்கும் சுற்றுலா வான்களுக்குக் கல்முனை, தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொண்டு புறப்படும் இடம். மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு எல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஓடி மறையும் கடைப் பெயர்ப்பலகைகள்தான். வந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. இறங்குங்கள், காட்டுகிறோம் என்று சொல்ல அங்கே யாரும் நிற்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டாலும் "இஞ்ச என்ன இரிக்கி பார்க்கிறதுக்கு?" என்றே பதில் வரும்.

இருக்கிறது. பகலில்தான் தெரியாது. பதினொரு மணி வெயிலில் பிரதான வீதி முழுக்கப் புடவைக் கடையும் வங்கியும் ஹோர்ன் சத்தமும். இஷாத் தொழுகை முடிந்து, கடைக்காரர்கள் கதவை இழுத்து மூடி, கடற்காற்று ஒழுங்கைகளுக்குள் நுழைந்த பிறகுதான் இந்த ஊர்களைக் காலாற நடந்து பார்க்க முடியும். அந்த நேரத்தில், விஷயம் தெரிந்த ஒருவர் முன்னே நடந்து கதை சொல்ல, இருபது பேர் பின்னே நடக்கும் ஒரு மரபு உலா கல்முனைக் கரைக்கு வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இரவில் நினைவுச் சின்னம் பார்ப்பது உலகத்துக்குப் புதிதல்ல. ஆக்ராவில் தாஜ்மஹாலை இரவில் பார்க்க 1984 முதல் இருந்த தடையை 2004இல் இந்திய உச்ச நீதிமன்றம் நீக்கியது. பௌர்ணமி அன்றும், அதற்கு முன்னிரண்டு பின்னிரண்டு இரவுகளும் திறப்பார்கள். வெள்ளிக்கிழமையும் நோன்பு மாதமும் இல்லை. ஐம்பது பேர் கொண்ட குழுவுக்கு அரை மணி நேரம். ஓர் இரவுக்கு நானூறு பேருக்கு மேல் இல்லை. மதுரையில் திருமலை நாயக்கர் மஹாலின் தூண்களுக்கு நடுவே சிலப்பதிகாரக் கதையை ஒலியாலும் ஒளியாலும் சொன்னார்கள். கொழும்பில் கூரையில்லாத இரட்டைத் தட்டு பஸ்ஸில் ஏறி இரவு நகரத்தைச் சுற்றி வந்தவர்கள் நம் ஊரிலும் உண்டு. நமக்குப் பக்கத்திலேயே, கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் பாடும் மீனின் ஓசை கேட்கத் தோணியில் போவார்கள். மட்டக்களப்புக்கு அது ஒரு முகவரியையே கொடுத்துவிட்டது.

கல்முனைக்கு மார்பிள் மாளிகை இல்லை. இங்கே வரிசையாகக் கோத்துக் கிடக்கும் ஊர்கள்தான் காட்சி. வடக்கே மருதமுனை முஸ்லிம் ஊர். அதை ஒட்டிப் பாண்டிருப்பு தமிழ் ஊர். பிறகு கல்முனை நகரம், கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, அதற்கடுத்துக் காரைதீவு மறுபடி தமிழ் ஊர், அதற்குத் தெற்கே நிந்தவூர் மறுபடி முஸ்லிம் ஊர். மருதமுனையிலிருந்து காரைதீவு வரை பத்துக் கிலோமீற்றருக்குள் அடங்கும். போர்த்துக்கேயர் 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஒரு பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினான் என்பது வரலாறு. அதற்கு முன்பே இங்கிருந்தவர்களோடு அவர்கள் கலந்தார்கள். தாய்வழிக் குடி முறையும், கலியாணம் முடித்தவர் பெண் வீட்டில் போய் வாழும் வழக்கமும் இரு சமூகத்துக்கும் பொதுவாயின. வழிகாட்டி முதலில் சொல்ல வேண்டியது இதை. 1985இலும் 1990இலும் இந்த ஊர்களுக்கிடையில் ஓடிய இரத்தத்தையும் அவர் மறைக்கக் கூடாது. இரு பக்கமும் வீடு இழந்தவர்கள் உண்டு, பிள்ளை இழந்தவர்கள் உண்டு.

உலாவை மருதமுனையில் தொடங்கலாம். கைத்தறிச் சாரனுக்கும் சேலைக்கும் பெயர் போன ஊர். ஒழுங்கைக்கு ஒழுங்கை தறிச் சத்தம் கேட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது தறிகள் குறைந்துவிட்டன. ஒரு நெசவாளர் வீட்டு விறாந்தையில் பத்து நிமிடம் இருந்து, பாவு ஓடுவதையும் நாடா பாய்வதையும் பார்த்துவிட்டு எழும்பினாலே அந்த ஊர் மனதில் நின்றுவிடும். வடக்கே கூப்பிடு தூரத்தில் பெரியநீலாவணை, கவிஞர் நீலாவணனின் ஊர். 1975இல் மறைந்த அவரைச் சுற்றித்தான் இந்தக் கரையின் இளம் கவிஞர்கள் கூடினார்கள். கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம்.ஏ. நுஃமானும் அவர்களில் ஒருவர். ஈழத்து நவீன கவிதையின் ஒரு பெரும் பங்கு இந்தச் சில கிலோமீற்றருக்குள் எழுதப்பட்டது. அதைச் சொல்லும் ஒரு பலகைகூட வீதியில் கண்ணில் படவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில். பாரதக் கதையின் கட்டங்களை நாளுக்கு நாள் நடத்திக் காட்டித் தீமிதிப்பில் முடியும் பெருவிழா இங்கே ஆண்டுதோறும் நடக்கிறது. மற்ற நாட்களில் வாசலோடு நின்று கதை கேட்டுவிட்டு நகரலாம்.

மனது நிலைகொள்ள வேண்டிய இடம் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளி. வீதியிலிருந்து கிழக்கே ஒழுங்கையால் இறங்கினால் மணல் தொடங்கும் இடத்தில் நிற்கிறது. நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் எழுந்த தர்கா. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தப் பெரியாருக்குத் தமிழ் முஸ்லிம்கள் கப்பல் ஏறிய இடமெல்லாம் நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் வீதியில் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்தது ஒன்று. அதை 1974இல் அந்த நாடு தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. பினாங்கில் இன்னொன்று. அந்த வரிசையில் வருவது நம்முடைய பள்ளி. இதன் கொடியேற்றத்துக்கு இருநூறு வருடத் தொடர்ச்சி உண்டென்று ஊரார் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இங்கே எனக்குக் கதை சொன்னவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பள்ளி வளவின் மதிலடியில் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் வாய் திறந்தார். "மகன், இதுக்குள்ள கபுறு இல்ல. அவங்க அடங்கியிரிக்கிற நாகூர்ல. இஞ்ச இரிக்கிறது நம்மட ஆக்கள்ற நேர்ச்ச."

"அப்ப ஏன் சேர், கடலுக்கு இவ்வளவு கிட்டக் கட்டினாங்க?"

"கடல்காரன்ட அவுலியா மகன் அவங்க. கப்பல்ல ஓட்ட விழுந்து தண்ணி ஏறக்குள்ள, முகம் சிரைச்சிக்கிட்டிருந்த இடத்துல இருந்து கையில இருந்த கண்ணாடிய எறிஞ்சி அந்த ஓட்டய அடைச்சாங்களாம். தோணி தள்ளுறவனுக்கு இதவிட என்ன வேணும்?"

நாகூரிலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். பாக்கு நீரிணையைத் தாண்டி, தீவைச் சுற்றி, கிழக்குக் கரையின் மீனவர் வாய்க்கு அது வந்து சேர்ந்த பாதையும் இந்த ஊர்களின் வரலாறுதான். இப்படிச் சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு மினாராவும் மின்குமிழும் மட்டுமே மிஞ்சும்.

ஜமாதுல் ஆகிர் மாதப் பிறை பிறந்ததும் இங்கே கொடி ஏறும். ஊருக்குள்ளிருந்து கொடி ஊர்வலமாக வரும். பன்னிரண்டு நாள் மௌலிது, பக்கீர் பாவாக்களின் ரிபாயி ராத்திப், கடைசியில் கந்தூரிச் சோறு. மணலில் கச்சான் கடை, தொதல் கடை, வளையல் கடை. அந்த இரவுகளில் தூர ஊர்களிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஆக, இரவு உலாவுக்குச் சனம் வராது என்ற பேச்சு எடுபடாது. சனம் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டுதான் இருக்கிறது, சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. கொடியேற்றத்தன்று மேற்கே மெல்லிய பிறை. கொடி இறக்கும் பன்னிரண்டாம் நாள் மஃரிபுக்கு முன்பே நிலவு கடலுக்கு மேல் ஏறி நிற்கும். மற்ற மாதங்களில் உலா நடத்துவதானால் பிறை பதினாறும் பதினேழும் நல்ல இரவுகள். நம்முடையது கிழக்குக் கரை. இஷாவை ஒட்டிய நேரத்தில் நிலவு நேரே கடலிலிருந்து எழும்பும். அந்த ஒளியில் பார்த்தால் போதும், பள்ளியின் வெள்ளைச் சுவரில் கலர் லைட் பாய்ச்சத் தேவையில்லை.

தர்கா வழிபாட்டை ஏற்காதவர்கள் நம் ஊர்களில் பலர். அவர்களுடைய மார்க்க நிலைப்பாட்டை நான் மதிக்கிறேன். நேர்ச்சையும் கொடியும் சரியா பிழையா என்பது உலமாக்கள் பேச வேண்டியது. இந்தக் கட்டடம் நம் மூத்த வாப்பாமார் கடலோடும் நாகூரோடும் வைத்திருந்த உறவின் சாட்சி என்பதில் இரண்டு பேச்சு இல்லை. அந்த அளவுக்காவது எல்லோரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளியிலிருந்து தெற்கே கரையோரமாக நடக்கும்போது வழிகாட்டி குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலையில் வந்த கடல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. இலங்கையில் ஆக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் இதுதான். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. பிறகு, வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாதென்று அரசாங்கம் கோடு போட, தப்பியவர்கள் எங்கே போவதென்று தவித்தார்கள். பின்னர்தான் அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள். இன்று அந்த வெறும் வளவுகளில் அத்திவாரக் கற்களும் பாழ்கிணறுகளும் மிஞ்சியிருக்கின்றன. அவையும் நினைவுச் சின்னங்களே. கடல் இன்னும் விட்டபாடில்லை. மாளிகைக்காட்டில் மையவாடியின் மதிலையே கடலரிப்பு சரித்திருக்கிறது. இந்த இடத்தில் படம் எடுக்க வேண்டாமென்று சொல்லும் துணிவு வழிகாட்டிக்கு வேண்டும்.

முடிவிடம் காரைதீவு. 1892இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவர். சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றத்தைப் பாடும் பகுதியிலிருந்து இசை நுணுக்கங்களை ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதி, அது அரங்கேறிய 1947இலேயே மறைந்தார். அதே ஊரில் கண்ணகி அம்மன் கோயிலும் இருக்கிறது. வைகாசியில் திருக்குளிர்த்தி நடக்கும். மதுரையில் மாளிகைக்குள் விளக்குப் போட்டுச் சொன்ன கதை இங்கே கோயிலில் வழிபாடாகவே வாழ்கிறது. முஸ்லிம் ஊரில் தொடங்கிய உலா தமிழ் ஊரில் முடிவது வேண்டுமென்றே செய்ய வேண்டிய ஏற்பாடு.

இதற்குக் கோடி ரூபாய் தேவையில்லை. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பிரதேச வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. வரலாறும் இஸ்லாமியக் கற்கையும் படிக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், நல்ல தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் பேசக்கூடியவர்கள். கல்முனை மாநகர சபை ஒழுங்கை லைட்டுகளை எரிய வைத்து, நடைபாதையைச் சீர்செய்து, பெண்கள் குழுவாக வந்தால் பெண் வழிகாட்டி கிடைக்க வழி செய்தால் போதும். பள்ளி நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் எந்த இடம் வரை வரலாம், எந்த நேரம் ஆகாது என்று எழுதித் தரட்டும். ஒலிபெருக்கி வேண்டாம். தூங்கும் ஊருக்குள்ளால் போகிறோம்.

அவசரம் ஒன்று உண்டு. கதை தெரிந்த தலைமுறை எழுபதைத் தாண்டிவிட்டது. மாநகர சபை எழும்பும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஜமாதுல் ஆகிர் பிறை கண்டதும், உங்கள் ஊரில் இதெல்லாம் தெரிந்த மூத்தம்மாவையோ சேரையோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பள்ளிக்கு நடந்து போங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அவர்கள் சொல்வதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து, தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள்.