எடை ஏறினால் கவ்வும் முடிச்சு

பாறை ஏறுபவர் ஹார்னஸ் எனப்படும் இடுப்புக் கச்சையோடு கயிற்றைப் பிணைக்கப் பெரிதும் நம்புவது எட்டு வடிவ முடிச்சையே. முனையைக் கச்சையில் நுழைத்து, வந்த வழியே மீண்டும் கோப்பதால், இழைகள் இரண்டிரண்டாக இணைந்து கிடக்கின்றனவா என்பதை உடன் ஏறுபவரும் ஒரே பார்வையில் சரிபார்க்கலாம். பெரும் இழுவைக்குப் பின் அவிழ்ப்பது கடினம்; அக்குறை பொறுக்கத்தக்கதே.

அதனினும் வியப்புக்குரியது, ஆஸ்திரிய மலையேற்ற வீரர் கார்ல் புரூசிக் 1931இல் எழுதி வெளியிட்ட, அவர் பெயராலேயே வழங்கும் உராய்வு முடிச்சு. 10 மி.மீ. தடிமனுள்ள முதன்மைக் கயிற்றின்மீது 6 மி.மீ. சிறுகயிற்று வளையத்தை அதனுள்ளேயே நுழைத்து மும்முறை சுற்றினால், எடையில்லாதபோது கையால் தள்ள நகரும் அம்முடிச்சு, எடை ஏறியதும் இறுகிக் கயிற்றைக் கவ்விக்கொள்கிறது. இத்தகைய இரு வளையங்களுள் ஒன்றைக் கச்சையிலும் மற்றொன்றைக் காலடியிலும் அமைத்து, எடையை மாறிமாறி ஏற்றினால், தொங்கும் கயிற்றிலேயே மேலேறிவிடலாம். சிறுகயிறு முதன்மைக் கயிற்றின் தடிமனை நெருங்கினாலோ, கயிற்றில் பனி உறைந்தாலோ பிடி தளரும். அப்போது சுற்றுகளைக் கூட்டுவது வழக்கம்.

மரம் ஏறுவோர் கயிற்றின் முனையைக் கொண்டே கட்டும் பிளேக் முடிச்சும் இதே உராய்வை நம்பியதுதான். ஆயினும் விரைந்து இறங்கினால் எழும் வெப்பம் செயற்கை இழையை உருக்கக்கூடும் என்பதால், மெதுவாக இறங்குவதும், இறங்கியபின் இழைகள் பளபளத்து விறைத்துள்ளனவா எனத் தடவிப் பார்ப்பதும் இன்றியமையாதவை.