கொடுவாவைத் தேடாதீர்கள், மடவையைத் தேடுங்கள்

பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர் தூண்டில் கோலோடு கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால், கடைசி நிலையமே கிள்ளான் துறைமுகம்தான். அங்கிருந்து சற்றுத் தள்ளி தஞ்சோங் ஹராப்பான் கரை. விடுமுறை நாளில் அங்கே தூண்டில் போட இடம் பிடிப்பதே சிரமம். உயிர் இறாலுக்குப் பணம் கொடுத்து, பகல் முழுக்க வெயிலில் காய்ந்து, கடைசியில் வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர்கள் அதிகம். அதே கரையில், மாலையில் வந்து இரண்டு மணி நேரத்தில் ஒரு நல்ல சியாக்காப் மீனோடு கிளம்புகிறவரும் உண்டு. அதிர்ஷ்டம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவர் பார்த்தது வேறு: இரை மீன்கள் எங்கே நிற்கின்றன என்பதை.

மலாயில் சியாக்காப், தமிழில் கொடுவா. ஆங்கிலத்தில் இதை ஆசியக் கடல் பாஸ் என்பார்கள், ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி. உணவகங்களில் எலுமிச்சை, பூண்டு சேர்த்து ஆவியில் வேகவைத்துத் தருவது பெரும்பாலும் கூண்டில் வளர்த்த மீன். அந்தக் கூண்டுகள் கெத்தாம் தீவைச் சுற்றிலும் மிதக்கின்றன. கழிமுகத்தில் தானாக வளர்ந்த கொடுவாவைப் பிடிப்பது வேறு கதை. அது இரையைத் துரத்தி நெடுந்தூரம் ஓடும் மீன் அல்ல. பாலத் தூண், படகுத்துறைக் கால், சாய்ந்து விழுந்த மரம், ஓடை வாய் என ஏதாவது ஒரு மறைவில் நின்றுகொண்டு, ஓட்டம் கொண்டுவந்து தருவதை விழுங்கும். அதனால் ஓட்டம் எதை, எப்போது, எந்த வழியாகக் கொண்டுவருகிறது என்று தெரிந்தவருக்கே மீன் கிடைக்கிறது.

இரை என்றால் இங்கே முக்கியமாக மடவையும் இறாலும். மடவையை நம்மவர்கள் பெலானாக் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். கிள்ளான் கடற்கரையில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீர் திசை மாறும். நாளுக்கு நாள் ஏற்ற நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தில் நீர்மட்டம் 5 மீட்டரைத் தாண்டும் நாள்களும் உண்டு.

நீர் ஏறும்போது மடவைக் குஞ்சும் இறாலும் சதுப்புநிலக் காட்டுக்குள், வேர்களுக்கு இடையே புகுந்துவிடும். அங்கே தீனியும் உண்டு, பாதுகாப்பும் உண்டு. பெரிய மீன் அந்த வேர்ச் சிக்கலுக்குள் எளிதில் நுழைய முடியாது. ஆனால் நீர் வற்றத் தொடங்கினால் காட்டுக்குள் தங்க வழியில்லை. உள்ளே போனதெல்லாம் சின்னச் சின்ன ஓடைகள் வழியாக வெளியே வந்தே ஆக வேண்டும். கொடுவா காத்திருப்பது அந்த ஓடை வாயில்தான். தூண்டில்காரரும் அங்கேதான் இருக்க வேண்டும், அதுவும் வற்றத்தின் முதல் இரண்டு, மூன்று மணி நேரத்தில். நீர் அசையாமல் நிற்கும் இடைவேளையில் இறாலை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை. அந்த நேரத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

தோட்டத்துக்காரர்களுக்கு இது புதிய பாடமல்ல. கேரித்தீவு போன்ற கடலோரத் தோட்டங்களில் வடிகால் நீர் மதகு வழியாகத்தான் வெளியேறும். கடல் வற்றியதும் மதகு திறக்கும். கால்வாயிலிருந்த குஞ்சு மீனெல்லாம் நீரோடு வெளியே கொட்டும். அந்தச் சுழலுக்கு ஓரமாக இருண்டு கிடக்கும் நீரில் தூண்டிலை இறக்கினால் போதும். மதகுக்கு நேர் எதிரே, வேகமான நீரில் போடுவது வீண்.

இரையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. கொக்குகள் ஓர் ஓடை வாயில் வரிசையாக நின்றால் அங்கே குஞ்சு மீன் இறங்குகிறது என்று பொருள். மேற்பரப்பில் ஒரு திட்டு மட்டும் மழைத்துளி விழுந்ததுபோல் சிலிர்த்தால் அது மடவைக் கூட்டம். அந்தக் கூட்டம் திடீரெனச் சிதறித் துள்ளினால் கீழே ஏதோ வந்துவிட்டது. இரவில் காதுதான் கண். கொடுவா வாயை விசையோடு திறந்து இரையை நீரோடு சேர்த்து உறிஞ்சும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். படகுத்துறை விளக்கடியில் இறால் கூடும். வெளிச்சமும் நிழலும் சேரும் கோட்டில் கொடுவா நிற்கும். கைவிளக்கு அடித்தால் அதன் கண் சிவப்பாக மின்னும்.

அமெரிக்க ஏரிகளில் பெருவாய் பாஸ் பிடிப்பவர்களும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். இலையுதிர் காலத்தில் ஷேட் என்னும் சிறுமீன் கூட்டம் ஓடைகளின் உள்முனைக்கு நகரும். பாஸும் பின்னாலேயே போகும். அங்கே பருவம் மாறக் காத்திருக்க வேண்டும். இங்கே ஓத அட்டவணையைக் கைபேசியில் பார்த்தால் போதும்.

பூச்சோங், ரவாங் பக்கத்துப் பழைய ஈயக் குட்டைகளில் ஓதம் கிடையாது. அங்கே பீக்கோக் பாஸ். பெயரில்தான் பாஸ், உண்மையில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த, திலாப்பியாவின் உறவுக்கார மீன். கண்ணால் பார்த்து வேட்டையாடும், ஆகவே பகலில்தான் கடிக்கும். கரையோரப் புல்லில் திலாப்பியாக் குஞ்சு எங்கே மொய்க்கிறது என்று பார்த்துப் போட வேண்டும்.

மீண்டும் கழிமுகத்துக்கு. வீச்சு வலையில் இரை பிடிப்பவர்கள், அன்றைக்குத் தேவையான பத்துப் பதினைந்தை வைத்துக்கொண்டு மற்றதை உயிரோடு விட்டுவிடலாம். வாளியில் செத்து மிதக்கும் மடவைக் குஞ்சு யாருக்கும் உதவாது. இறாலைத் தலைக் கொம்பின் அடியில், உள்ளே தெரியும் கருப்புப் புள்ளியைத் தொடாமல் கோர்த்தால் வெகு நேரம் உயிரோடு இருக்கும். சேற்றில் தனியாக இறங்க வேண்டாம், முதலை நடமாட்டம் உள்ள ஆறுகள் இவை. இடி கேட்டால் கார்பன் கோலைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குவதே நல்லது.

பெரிய மீன் மாட்டினால் படம் எடுப்பதற்கு முன் ஒன்றை யோசிக்கலாம். கொடுவாக்களில் பெரும்பாலானவை முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறுபவை. அதாவது மிகப் பெரிய கொடுவா என்றால் அது பெரும்பாலும் முட்டையிடும் தாய். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலக் கிழக்குக் கரையில் 58 செண்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 120 செண்டிமீட்டரைத் தாண்டியதையும் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். குழம்புக்கு ருசியும் இரண்டு கிலோ மீனில்தான்.