மதிய இடைவேளையில் ஆடுபுலி

சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் போன்ற ஊர்களில், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சிறு ஓய்வுக்குப் பொருத்தமான ஆட்டம் ஆடுபுலி. தரையில் கரித்துண்டால் கட்டம் வரைந்தால் போதும். புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. பரவலாக ஆடப்படும் வடிவத்தில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆடுகள் ஒவ்வொன்றாகக் களத்தில் இறங்கும். எல்லாம் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. பக்கத்து ஆட்டுக்கு அப்பால் உள்ள புள்ளி காலியாக இருந்தால், புலி தாண்டி வெட்டும். புலிகள் நகர வழியின்றி அடைபட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. எளிய தரப்பு கூடி நின்றே வெல்வதுதான் இதன் அழகு. இதைப் போன்ற நேபாளத்தின் பாக் சால் ஆட்டத்தில் 4 புலிகள், 20 ஆடுகள். ஆடுபுலி இப்போது செல்பேசியிலும் கிடைக்கிறது. ஆனாலும் எதிரே ஓர் ஆளை உட்காரவைத்து ஆடிப் பாருங்கள்.