மஞ்சள் சுவரின் முன் ஒரு கோல்கீப்பர்

நம் ஊரில் விசில் என்றால் கொண்டாட்டம். தியேட்டரில் ஹீரோ வந்தால் அடிப்போம், சேப்பாக்கத்தில் தோனி இறங்கினால் அடிப்போம். ஜெர்மனியின் கால்பந்து மைதானங்களில் அதே விசில் வசவு. 2015 பிப்ரவரி 4-ஆம் தேதி இரவு, டோர்ட்மண்ட் மைதானத்தின் தெற்கு கேலரியிலிருந்து அந்த விசில் கிளம்பியது. அந்தக் கேலரியில் நாற்காலி கிடையாது. ஏறத்தாழ 25,000 பேர் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கும் இடம் அது. அணியின் நிறம் மஞ்சள் என்பதால் அதற்கு ‘மஞ்சள் சுவர்’ என்று பெயர்.

அன்று எதிரணி ஆக்ஸ்பர்க். இரண்டாம் பாதியில் பொபாடில்லா ஒரு கோல் போட்டார். பிறகு ஆக்ஸ்பர்க் வீரர் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்துப் பேரோடு ஆடிய அணியிடம், சொந்த மண்ணில், பதிலுக்கு ஒரு கோல்கூட அடிக்க முடியாமல் 0-1 என்று டோர்ட்மண்ட் தோற்றது. 19 ஆட்டங்களில் 11 தோல்வி, கையில் 16 புள்ளி. ஜெர்மன் லீக்கான பண்டெஸ்லிகாவின் 18 அணிகளில் கடைசி இடம். 2011-இலும் 2012-இலும் லீக்கை வென்று, 2013-இல் சாம்பியன்ஸ் லீக் இறுதிவரை போன அணியின் நிலை அது.

ஆட்டம் முடிந்ததும் ஓய்வறைக்கு ஓடிவிடலாம். வீரர்கள் ஓடவில்லை, தெற்கு கேலரியை நோக்கி நடந்தார்கள். கோல்கீப்பர் ரோமன் வைடன்ஃபெல்லர் வேலிமீதே ஏறி, கோபத்தில் கத்திக்கொண்டிருந்தவர்களிடம் முகத்துக்கு நேரே பேசினார். கேப்டன் மாட்ஸ் ஹும்மல்ஸும் அப்படியே போனார். ஏழு மாதம் முன்புதான் இருவரும் உலகக் கோப்பை வென்ற ஜெர்மனி அணியில் இருந்தவர்கள். எத்தனையோ கோல்களின் காணொளிகளைப் பார்த்திருக்கிறேன். கால்பந்தில் என்னை அதிகம் உலுக்கிய காட்சி, கோலே இல்லாத இந்த வேலிக் காட்சிதான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க டோர்ட்மண்ட் ரசிகர்களிடையே ஓடிய வாக்குவாதம், சீசனின் நடுவில் சரியும் எந்த அணியின் ரசிகருக்கும் பழகியதுதான். ஆளை விற்றதால் வந்த வினை என்று ஒரு கட்சி. கோச் யூர்கன் க்ளோப்பின் வித்தை எதிரிகளுக்குப் புரிந்துபோய்விட்டது, ஏழாவது வருஷம் ஆகிறது, மாற்ற வேண்டியதுதான் என்று இன்னொரு கட்சி. ஒன்றும் கெட்டுவிடவில்லை, நேரம் சரியில்லை, அவ்வளவுதான் என்று மூன்றாவது கட்சி. இந்த மூன்றாவது கட்சியைத்தான் எல்லோரும் கேலி செய்வார்கள்.

முதல் கட்சியின் பேச்சில் நியாயம் இருந்தது. முந்தைய சீசனில் 20 கோல் அடித்து லீக்கிலேயே முதலிடம் பிடித்த ராபர்ட் லெவண்டோவ்ஸ்கி, ஒப்பந்தம் முடிந்து, டோர்ட்மண்டுக்கு ஒரு பைசா வராமல், போட்டி அணியான பயர்னுக்குப் போய்விட்டார். அதற்கு ஒரு வருஷம் முன்பு மரியோ கோட்சேவும் அங்கேதான் போயிருந்தார். லெவண்டோவ்ஸ்கி இடத்துக்கு வந்தவர் இத்தாலியின் சிரோ இம்மொபிலே. 24 லீக் ஆட்டங்களில் அவர் அடித்தது மூன்றே கோல். அவர் சொத்தை என்று முத்திரை குத்தியாயிற்று. அதே இம்மொபிலே 2019-20 சீசனில் இத்தாலிய லீக்கில் 36 கோல் அடித்து ஐரோப்பாவின் தங்கக் காலணியை வாங்கினார். ஒரு சீசனை வைத்து ஒரு ஸ்ட்ரைக்கரை எடைபோட்டவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அணியின் உயிர்நாடியான மார்கோ ராய்ஸ் கணுக்காலில் அடிபட்டு உலகக் கோப்பையைத் தவறவிட்டார். குணமாகி வந்தவருக்கு செப்டம்பரில் ஒருமுறை, நவம்பரில் ஒருமுறை மறுபடி அடி.

இரண்டாம் கட்சியையும் ஒதுக்க முடியாது. பந்தைப் பறிகொடுத்த அடுத்த சில விநாடிகளிலேயே கூட்டமாகப் பாய்ந்து திரும்பப் பிடுங்குவதுதான் க்ளோப்பின் ஆட்டம். அதற்கு எதிரணி பந்தோடு முன்னேறி வர வேண்டும். சின்ன அணிகள் ஒரு கட்டத்தில் விவரமாகிவிட்டன. பந்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டு, பெனால்டி பெட்டிக்கு முன்னால் பத்துப் பேரை நிறுத்தின. டோர்ட்மண்ட் முட்டி மோதிக் களைத்த நேரத்தில் ஒரு நீண்ட பந்து, ஒரு ஓட்டம், கோல். முன்னேறி வந்து ஆடுகிற பெரிய அணிகளிடம் இந்தச் சிக்கல் இல்லை. அதே இலையுதிர் காலத்தில் சாம்பியன்ஸ் லீக் குழுவில் அர்செனலையும் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பிடித்தது இதே டோர்ட்மண்ட்தான்.

கேலிக்கு ஆளான மூன்றாம் கட்சிக்கு வருகிறேன். பின்னால் லிவர்பூல் கிளப் க்ளோப்பை எடுக்க யோசித்தபோது, அங்கே ஆய்வுப் பிரிவை நடத்திய இயன் கிரஹாம் என்ற இயற்பியலாளர் அந்த சீசனைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். எங்கிருந்து ஷாட் அடித்தார்கள், அது எந்த அளவுக்கு நல்ல வாய்ப்பு என்று ஒவ்வொன்றாக எடைபோடும் கணக்கு. ஆடிய ஆட்டத்துக்கு டோர்ட்மண்ட் இரண்டாம் இடம் பிடித்திருக்க வேண்டும் என்று வந்தது விடை. மைன்ஸிடம் 0-2 என்று தோற்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெனால்டி ஒன்று வீண், தன் வலையிலேயே ஒரு கோல். ஸ்கோரை மட்டும் படித்தவருக்கு அது வெறும் தோல்வி.

கோச்சைத் தூக்கினால் பலன் வருமே என்பார்கள். வரும்தான். இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி 2016-இல் லீக் பட்டம் வாங்கித் தந்த கோச் ரனியேரியை ஒன்பது மாதத்தில் நீக்கியது, உடனே வரிசையாக வெற்றி. ஆனால் அடிமட்டத்துக்குப் போன அணி, யார் இருந்தாலும் கொஞ்சம் மேலே வரத்தான் செய்யும். 1986 முதல் 2004 வரையிலான நெதர்லாந்து லீக்கை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் டெர் வீல், அதே போன்ற சரிவில் கோச்சை மாற்றாத அணிகளும் அதே வேகத்தில் மீண்டன என்று காட்டினார்.

டோர்ட்மண்ட் மாற்றவில்லை. வேலியில் ஏறிய இரவுக்கு மூன்று நாள் கழித்து ஃப்ரைபர்க்கில் 3-0 வெற்றி. அடுத்து மைன்ஸ், ஸ்டுட்கார்ட். பிப்ரவரி கடைசியில் பரம வைரி ஷால்கேயை 3-0 என்று வீழ்த்தினார்கள். அன்று கோல் அடித்த ஓபமெயாங் பேட்மேன் முகமூடியையும், ராய்ஸ் ராபின் முகமூடியையும் மாட்டிக்கொண்டு கொண்டாடினார்கள். 24 நாள் முன்பு கடைசி இடத்தில் இருந்த அணி அது. முடிவில் 46 புள்ளியோடு ஏழாம் இடம்.

க்ளோப் போகத்தான் செய்தார். சீசன் முடிந்ததும் விலகுவதாக ஏப்ரலில் அவரே அறிவித்தார், யாரும் துரத்தவில்லை. பிறகு அவர் கோச்சாகப் போன லிவர்பூலிலும் 2021-இல் அதே சோதனை வந்தது. சொந்த மைதானத்தில் 68 லீக் ஆட்டங்கள் தோற்காதிருந்த அணி, தொடர்ந்து ஆறு ஆட்டங்களை அங்கேயே இழந்தது. கொரோனா காலம், கேலரிகள் காலி. விசில் அடிக்கவும் ஆளில்லை, வேலியில் ஏறிப் பேசவும் ஆளில்லை. அந்த சீசனை அவர்கள் மூன்றாம் இடத்தில் முடித்தார்கள்.

ரசிகன் கோபப்படக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். டிக்கெட் வாங்கி, குளிரில் நின்று, தொண்டை வறளக் கத்தியவனுக்கு அந்த உரிமை உண்டு. அந்த இரவில் விசிலடித்தவர்கள் அடுத்த ஆட்டத்துக்கும் வந்து நின்றார்கள். தோல்விமேல் தோல்வி கண்ட அந்த 2014-15 சீசனில், டோர்ட்மண்டின் சொந்த மண் லீக் ஆட்டங்களுக்குச் சராசரியாக 80,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஐரோப்பாவில் வேறெந்த அணிக்கும் அந்த வருஷம் அத்தனை கூட்டம் இல்லை.