இரயில் இல்லாத ஸ்டேஷன்

விடுமுறையில் மூணாறுக்குச் சென்று வந்த நண்பர்கள் டாப் ஸ்டேஷனையும் பார்த்திருப்பார்கள். மூடுபனியையும் கீழே விரிந்து கிடக்கும் பள்ளத்தாக்கையும் கண்டு களித்துத் திரும்புவோருள், "இங்கே எந்த ஸ்டேஷன் இருந்தது?" என்று கேட்பவர் மிகச் சிலரே. கேரளத்தின் வழியாகவே பெரும்பாலோர் அங்கே செல்வதால், அவ்விடம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதும் பலருக்குத் தெரியாது.

அது உண்மையாகவே இரயில் நிலையந்தான். கண்ணன் தேவன் மலைகளில் விளைந்த தேயிலை தூத்துக்குடி சென்று கப்பலேற வேண்டும். அதற்காக 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு விந்தையான பாதை போட்டார்கள். தண்டவாளம் ஒன்றே ஒன்று! வண்டியின் சிறு சக்கரங்கள் அதன்மேல் ஓடும். பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு வண்டி சாயாமல் காக்கும். இழுத்தவை மாடுகள். சுமையின் பெரும்பகுதியைத் தண்டவாளமே தாங்கியதால் மாடுகளுக்குப் பாரம் குறைந்தது. 1908-இல் இதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலமுள்ள இருப்புப்பாதை அமைத்து நீராவி எஞ்சின்களை ஓட்டினார்கள். மூணாறு, மாட்டுப்பெட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்பன நிலையங்கள்.

டாப் ஸ்டேஷனுக்கு அப்பால் மலை செங்குத்தாக இறங்குகிறது. இரயில் இறங்க வழியில்லை. ஆகவே தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர். கம்பிவடத்தின் மேல்முனை 'டாப்', கீழ்முனை 'பாட்டம்', நடுவில் 'சென்ட்ரல்'. ஊர்ப்பெயர்கள் பிறந்த கதை இவ்வளவே.

இப்பாதையைப் பற்றிப் பேசுவோர் துரைமார்களின் சாமர்த்தியத்தையே வியக்கின்றனர். அத்தோட்டங்களில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை.

1924 ஜூலையில் பெருமழை பிடித்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலால் மலையாளத்தார் இன்றும் அதனைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பர். மலைகள் சரிந்தன; மூணாறு நீரில் மூழ்கியது; தண்டவாளமும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. அதன்பின் இருப்புப்பாதையை எவரும் மீண்டும் போடவில்லை. மூணாற்று நிலையக் கட்டடம் பின்னாளில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று.

மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது 1928-இல். அடிவாரத்தில் தண்டவாளம் வந்தபோது, மேலே தண்டவாளம் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று குரங்கணியிலிருந்து மலையேறும் வழியில் ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன்.