பொத்தேரியில் விநாடிக்கு ஆயிரம் பந்தி

"சிக்னல் ஃபுல்லா இருக்கு மச்சி, நெட்டுதான் சுத்துது!" காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். ஹாஸ்டல் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு நின்றால் எந்த மாடியிலிருந்தும் இந்த வசனம் விழலாம். போன் திரையில் தெரியும் அந்த சிக்னல் கோடுகளை நம்பவே நம்பாதீர்கள்! டவர் உங்கள் போனுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைத்தான் அவை சொல்லும். அதே டவரில் இன்னும் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்பது பற்றி மூச்சு விடாது.

வாங்க, ஜி.எஸ்.டி. சாலையோர டவர் ஒன்றின் பெட்டிக்குள் நைசாக எட்டிப் பார்ப்போம். அட, உள்ளே கல்யாணப் பந்தி! இலை என்பது அலைவரிசையின் ஒரு துண்டு. 20 மெகாஹெர்ட்ஸ் அகல 4ஜி அலைவரிசை என்றால் 100 இலை. பந்தி நடப்பதோ ஒரே ஒரு மில்லி விநாடி. உடனே இலையை எடுத்து அடுத்த பந்தி. ஆக, விநாடிக்கு ஆயிரம்! யாருக்கு எத்தனை இலை என்று முடிவு செய்வது ஷெட்யூலர் என்ற மென்பொருள்.

அதன் சாமர்த்தியம் இங்கேதான். டவர் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று ஒவ்வொரு போனும் 0 முதல் 15 வரை மார்க் போட்டு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஜன்னலோரப் பையன் 15. லிஃப்ட் பக்கம் ஒண்டியவன் 3. பதினைந்துக்காரனின் இலையில் டேட்டாவைக் குவிக்கலாம். அவனுக்கே பரிமாறினால் டவரின் மொத்த வேகம் எகிறும், மூன்று மார்க் பையன் பட்டினி. அதனால் ஷெட்யூலர் ஒரு வகுத்தல் போடுகிறது: இப்போது எவ்வளவு வாங்க முடியும், வகுத்தல், சமீபமாக எவ்வளவு வாங்கினான். பட்டினி கிடக்கக் கிடக்கக் கீழே உள்ள எண் சுருங்கும், அவன் முறை மேலே ஏறும். தொலைத்தொடர்பிலேயே எனக்குப் பிடித்த கணக்கு இதுதான், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும்!

தனிக் கவனிப்பும் உண்டு. 4ஜியில் பேசும் குரலுக்குத் தரவகை 1, சாதாரண நெட்டுக்கு 9. ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால் ரீல்ஸ் ஒதுங்கி வழிவிட வேண்டியதுதான்.

ஹாஸ்டலுக்குப் பக்கத்துப் பொத்தேரி ஸ்டேஷனில் செங்கல்பட்டு மின்சார ரயில் நிற்கிறதா? இறங்கிய கூட்டம் மொத்தமாகப் போனைத் திறக்கும். 'நானும் வந்துட்டேன்' என்று டவருக்குச் சொல்ல இருக்கும் அடையாளக் குறிகள் 64தான். இரண்டு போன் ஒரே குறியை எடுத்தால் மோதல், கொஞ்சம் பொறுத்து மறுபடி முயற்சி. நெரிசல் முற்றினால் டவர் ஒரு வரம்பு எண்ணை அறிவிக்கும். உங்கள் பாக்கெட்டுக்குள்ளேயே போன் தானாக ஒரு எண்ணைக் குலுக்கி எடுக்கும். எண் வரம்புக்குள் வந்தால் நுழைவு, இல்லாவிட்டால் காத்திருப்பு. காவல், அவசர சேவை சிம்களுக்குத் தனி வகுப்பு!

டவர் மட்டும் பாடுபட்டால் போதாது, அனுப்புகிறவனும் அடங்க வேண்டும். 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் நானூறு கஜ தூரத்திலிருந்த இரண்டு இடங்களுக்கிடையே இணைய வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குப் படுத்தது. நெரிசலென்றால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி கணினிகளுக்குக் கற்றுக்கொடுத்தார் வேன் ஜேக்கப்சன். வீடியோ செயலிகளும் இன்று அதைத்தான் செய்கின்றன, படத்தை மங்கலாக்கியாவது ஓட்டுகின்றன. 2023 ஐ.பி.எல். இறுதிப் போட்டியை ஜியோசினிமாவில் ஒரே நேரத்தில் 3.2 கோடி பேர் பார்த்ததாகக் கணக்கு வந்ததே, அந்த ராத்திரி கடைசிப் பந்தில் ஜடேஜா அடித்த நாலு, பக்கத்து அறைக் கூச்சலாக முதலில் வந்து, படமாக அப்புறம் வந்தவர்கள் எத்தனை பேரோ!

கடைசியாக, ஹாஸ்டல் வைத்தியம்: ஏரோபிளேன் மோடை ஆன் பண்ணி ஆஃப் பண்ணுவது. சில சமயம் பலிக்கும், ஏனென்றால் திரும்பி வரும் போன் கூட்டம் குறைந்த வேறு அலைவரிசையில் போய் உட்காரக்கூடும். ஒரு மாடி முழுக்கச் சேர்ந்து தட்டினாலோ, அத்தனை போனும் அந்த 64 குறிகளுக்கு மறுபடி அடித்துக்கொள்ளும்!